மொச்சை காத்திருக்கிற நேரம்

திருநகர், மதுரை.
16-9-88, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் வலது கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் கிடப்பவன் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சுளுக்குத்தான். போன வாரம் மாடியிலிருந்து ஏணியில் இறங்கும்போது கடைசிப் படியை மறந்து காலை வைத்துவிட்டேன். இந்த வயதில் ஏணியில் என்ன வேலை என்று கேட்பாய், உன் நிகழ்ச்சிக்காகத்தான் ஏறினேன், அதைப் பின்னால் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்னைத் தாங்கிப் பிடிக்கிற வேலை வந்ததிலிருந்து தன் வலி தெரியவில்லையாம். சோழவந்தானிலிருந்து உன் சின்னச்சாமி மாமா புதன்கிழமை வந்தவன் இன்னும் போகவில்லை, வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று புலம்பிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறான். மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறதே தவிர வரவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால் நன்றாக இருந்தால் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்திருப்பேன், கால் விடவில்லை, அதனால் மனசு மட்டும் அலைகிறது. நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் கம்பெனி முதலாளிக்கு நீ டி.வி.க்குச் செய்கிற நிகழ்ச்சி பிடிக்கவில்லை. பால்வாடி வயசுப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டு அ ஆ இல்லை, ஒன்று இரண்டு இல்லை, முடிவில் நீதி இல்லை, மொச்சை என்று பேர் வைத்த ஒரு துணி ஆட்டுக்குட்டி கால் மணி நேரமும் ஒரே வேலையைச் செய்கிறது, நடுநடுவே பிள்ளைகளைக் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறது, அந்த இடத்தில் எல்லாம் பாட்டைப் போட்டு நிரப்பு என்கிறார். வருகிற புதன்கிழமைக்குள் நீ சரி என்று சொல்லாவிட்டால் நிகழ்ச்சியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார், உன் வேலையும் அதோடு போய்விடும். என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கே பதில் எழுதியிருந்தால், சரி என்று சொல்லிவிட்டுப் பிழைக்கிற வழியைப் பார் ஆத்தா என்றுதான் எழுதியிருப்பேன். அந்த முதலாளி சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான், நிற்கிற வண்டியைக் கண்டால் எனக்கு ஆகாது. விசில் ஊதி, வண்டியின் பக்கத் தகட்டில் தட்டி, டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருகிற மாதிரி செய்துதான் எனக்குப் பழக்கம். ஒரு ஆட்டுக்குட்டி பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

புதன்கிழமை சாயங்காலம் உன் நிகழ்ச்சி வருகிற நேரத்தில் நம் வீட்டு முன்னறையை நீ பார்த்ததில்லை. தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத வயசுப் பிள்ளைகள் அம்புட்டும் இங்கேதான். நானே வீடு வீடாகப் போய், என் மக செஞ்ச புரோகிராமு, பிள்ளைகள அனுப்புங்க என்று சொல்லி வைத்திருந்தேன். முதல் வாரம் மொச்சை ஒரு டம்ளரைக் கழுவியது. கழுவிவிட்டு, இன்னும் அழுக்கு இருக்கா என்று கேட்டது, கேட்டுவிட்டு அப்படியே நின்றது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை. நான் என்ன நினைப்பேன், செட்டில் கோளாறு என்று நினைத்து எழுந்து போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். உடனே மொச்சை பேசியது. என் கைராசி என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வாரம் தட்டுக்கு மசியவில்லை, அதனால் மாடியேறி ஆண்டெனாவைக் கொடைக்கானல் டி.வி. டவர் பக்கம் திருப்ப ஆரம்பித்தேன். கீழே ஜன்னலில் நின்றுகொண்டு உன் அம்மா, இப்பக் கேக்குது, ஐயோ போச்சு, செத்த மேக்க திருப்புங்க என்று கத்துவாள். நான் மேலேயிருந்து, இப்ப, இப்ப என்று கத்துவேன். நிகழ்ச்சி முடிந்ததும் கீழே வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, என்ன படிச்சீங்க, சொல்லுங்க என்று கேட்பேன். ஒன்றும் வாயைத் திறக்காது, சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கும். இப்படி ஏறி இறங்கித்தான் காலும் சுளுக்கியது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்தச் சத்தமில்லாத இடம் கோளாறே இல்லை, நீ வேண்டுமென்றே விட்டது என்று தெரிந்தது. தெரிந்ததும் கோபம்தான் வந்தது, இதற்காகவா ஏணியில் ஏறினேன் என்று.

நேற்று முன்தினம், புதன்கிழமை, எழுந்திருக்க வழியில்லாமல் பிள்ளைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சின்னச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, இதுக்கா மச்சான் பிள்ளைய மெட்ராசுக்கு அனுப்புனீக, ஆடு கஞ்சி காய்ச்சுறதக் காட்டவா என்று கேட்டுவிட்டான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மொச்சை கஞ்சியைக் கிண்டியது, ஊதியது, கொட்டியது, மறுபடி ஊற்றியது, மறுபடி கொட்டியது. இரண்டாம் தடவை பிள்ளைகள் முதல் தடவையை விட அதிகமாகச் சிரித்தன, மூன்றாம் தடவை கொட்டுவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டன. அப்புறம் அது நிமிர்ந்து, இன்னைக்கு உங்க வீட்டுல யாரு சமைச்சா என்று கேட்டுவிட்டு நின்றது. என் கை தானாகச் செட்டைத் தட்டப் பரபரத்தது, எட்டவில்லை. அம்மா, அம்மா, எங்க அக்கா என்று பிள்ளைகள் கத்தின. எல்லாம் கத்தி ஓய்ந்த பிறகு சகாயமேரி, எங்கப்பா என்றாள். எதிர் வீட்டு ஜேசுராஜின் மகள் அவள், நாலு வயசு. அவள் அம்மா பிலோமினாள் போன மாதம் வயிற்று ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தது உனக்குத் தெரியும், உன் அம்மா எழுதியிருந்தாள். பிள்ளையிடம் அதைச் சொல்லவில்லை, அம்மா திண்டுக்கல்லில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள், நாங்களும் அதையே சொன்னோம். அதிலிருந்து அந்தப் பிள்ளை யாரிடமும் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை, மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அதோடு சரி.

மொச்சை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்படியா, நல்லா இருந்துச்சா என்று கேட்டது. மறுபடியும் நின்றது. சகாயமேரி எழுந்து செட்டுக்குப் பக்கத்தில் போய், உப்பு இல்ல என்றாள். கொஞ்சம் பொறுத்து, அப்பா அழுதுக்கிட்டே செஞ்சாரு என்றாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சின்னச்சாமிகூட வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான். அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அதற்குள் மொச்சை அடுப்பை அணைக்கப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள், அந்தா ஆள் ஓடியாருது, செத்தப் பொறுங்கண்ணே என்று கெஞ்சுவார்கள், நான் பொறுத்ததே இல்லை. அன்றைக்கு நான் அந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து இன்னும் செத்தப் பொறு என்று மனசுக்குள் கெஞ்சினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஜேசுராஜ், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நிற்கிறான். நிகழ்ச்சி முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு நம் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அம்மா ஆஸ்பத்திரியிலதான்டா இருக்கு, வயித்துல புண்ணு, ஆறிக்கிட்டு வருது, ஞாயித்துக்கெழம உன்னையக் கூட்டிட்டுப் போறேன் என்று சொன்னான். அவள் அழுவாள் என்று நாங்கள் பயந்தோம். ஊசி போட்டாங்களா என்று மட்டும் கேட்டாள். உன் அம்மா அன்றிலிருந்து இரண்டு வேளையும் அவர்களுக்குச் சோறும் குழம்பும் கொடுத்து அனுப்புகிறாள். எதிர் வீட்டில் இருந்துகொண்டு தினமும், சாப்பிட்டாச்சா ஜேசுராஜ் என்று கேட்டிருக்கிறோம், அவன் வாயைத் திறப்பதற்குள் தெருமுனைக்குப் போயிருப்போம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் உன் முதலாளி மாதிரியே நினைத்த நான் இப்போது நினைப்பதைச் சொல்கிறேன், வரிசையாகச் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை வேறொரு நிகழ்ச்சி வருகிறது, தொப்பி போட்ட ஒருவர் குழந்தைகளே குழந்தைகளே என்று காது கிழியக் கத்துகிறார், படம் மாறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் பார்க்கின்றன, நல்ல நிகழ்ச்சி என்று நானே சொன்னேன். முடிந்ததும் ஒன்றை ஒன்று கிள்ளி அடித்துக்கொள்கின்றன. மொச்சை முடிந்தால் அப்படி இல்லை, வீட்டுக்குப் போய் அது செய்ததைச் செய்கின்றன. டம்ளர் கழுவிய மறுநாள் பின் தெரு ஒச்சம்மாள் சண்டைக்கு வந்தாள், உங்க மக புரோகிராமப் பாத்துப்புட்டு எம் மகன் வீட்டுல இருக்குற டம்ளரையெல்லாம் கழுவி ஒரு குடம் தண்ணியக் காலி பண்ணிட்டான், குடிக்கத் தண்ணிக்கு நான் எங்க போவேன் என்று. நான் அவளைச் சமாதானம் செய்து அனுப்பினேனே தவிர, பையன் படித்துவிட்டான் என்று என் மண்டையில் உறைக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதையாவது சொல்லிக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை போலிருக்கிறது, அது சொல்ல வருவதைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரிவதுதான் பெரிது. அதற்காக உன் நிகழ்ச்சியில் குறையே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நடுவில் வந்து பாட்டுப் பாடுகிற பெண் மேடையில் பேசுகிற மாதிரி செல்வங்களே, மலர்களே என்கிறாள், அவள் வந்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகின்றன. கஞ்சிப் பானையைத் தூரத்திலிருந்தே காட்டினீர்கள், ஒரு பொடியன் உள்ளே என்ன இருக்கிறது என்று செட்டின் மேல்பக்கமாக எட்டிப் பார்த்தான், அவனுக்கு உள்ளே காட்டியிருக்கலாம்.

இத்தனையும் எழுதிவிட்ட பிறகும் மனசு நிலைகொள்ளவில்லை. புதன்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. நீ முடியாது என்று சொல்லி வேலை போய்விட்டால் மெட்ராசில் ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாயே என்று கவலையாக இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதம் மொச்சை கேள்வி கேட்டதும் பாட்டுக் கிளம்பும், சகாயமேரி சொல்வது அந்தப் பாட்டில் அமுங்கிப்போகும். அ ஆ வேண்டுமென்றால் ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்ளட்டும், நீதியும் சொல்லிக்கொள்ளட்டும், நிற்கிற இடத்தை மட்டும் கேட்டு வாங்கு என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அந்த முதலாளியைக் கூட்டி வந்து ஒரு புதன்கிழமை நம் முன்னறையில் உட்கார வைத்தால் என்ன என்று ஒரு நேரம் தோன்றுகிறது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசாதே என்று உன் அம்மா சொல்லச் சொல்கிறாள், அவளும் காலையிலிருந்து ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. பஸ்ஸில் படிக்கட்டில் நின்று போகாதே, முன்னால் போய் நில். ஆடி மாதம் அனுப்பிய நல்லெண்ணெயை அலமாரியில் பூட்டி வைக்காமல் வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய். சின்னச்சாமி மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான், சொன்ன பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகவும் எழுதச் சொன்னான். நம் குலசாமி உனக்குத் துணை நிற்கும், நீ எடுத்து வைக்கிற அடி எதுவானாலும் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் கூடவே வரும்.

ஒன்றே ஒன்று. என்ன செய்யட்டும் அப்பா என்று நீ கேட்டிருக்கிறாய், நான் மூன்று தாள் பேசிவிட்டேன். உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், நீ என்ன செய்யலாம் என்று இருக்கிறாய்? மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுகிறவன் நான், உனக்குத் தெரியும். இந்தத் தாளில் கீழே பாதி காலியாக இருக்கிறது, எழுத வாய் நமநமவென்றுதான் இருக்கிறது. எழுதவில்லை. நீ சொல், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பெ. நல்லகாமன்