மஞ்சள் முனை, பச்சை முனை

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. நலம் விசாரித்து நான் ஈமெயிலில் அனுப்பும் கடிதங்களுக்குப் பதில் போட உனக்கு நேரம் கிடைப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. இது அந்த வகைக் கடிதம் அல்ல. தொழில் சம்பந்தமான ஒரு சந்தேகம்.

படங்களுக்கு நிறம் சரிசெய்ய ஸ்டூடியோவில் நீ எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறாய் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதன் இலவசப் பதிப்பைத் தெருக்கோடிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஏற்றிக்கொடுத்தார். "பெரியவரே, ஹீரோ யாரு, நீங்களேதானா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அக்காதான், ஓய்வு பெற்ற மனிதர் காலை நீட்டி உட்காராமல் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன் என்று போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தை ஜன்னலிலிருந்து போனில் வீடியோ எடுத்தேன். பகலில் எடுத்தது. அங்குள்ள கம்பத்தில் விளக்கு எரிவதுபோல் செய்ய ஆசை. எஃபெக்ட் பக்கத்தைத் திறந்தால் சின்னச் சின்னப் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக இருக்கிறது. பெட்டிக்கு நோடு என்று பெயராம். தெருவையும் ஒளியையும் மெர்ஜ் என்ற நோடில் சேர்த்தேன். எப்படிச் சேர்த்தாலும் வெறும் தெருதான் தெரிகிறது, ஒளியைக் காணோம். தவறு என் பக்கம்தான் இருக்கும். திரையைப் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 6

அப்பா,

மெர்ஜ்ல ரெண்டு முனை இருக்கும். மஞ்சள் முனைக்குக் குடுக்கிறது பின்னாடி நிக்கும், பச்சை முனைக்குக் குடுக்கிறது முன்னாடி நிக்கும். நீங்க மாத்திக் குடுத்துட்டீங்க. தெரு முன்னாடி வந்து ஒளிய மறைச்சிடுச்சு. தெருவ மஞ்சளுக்கு மாத்துங்க, சரியாயிடும்.

இதெல்லாம் எதுக்குக் கத்துக்கிறீங்க?

சின்னவன்

பிப்ரவரி 7

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி. மாற்றினேன், விளக்கு எரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே எரிகிறது, குறைத்துக்கொள்கிறேன்.

எதற்கு என்று கேட்டிருந்தாய். பொழுதுபோகத்தான். தண்ணீர் வாரியத்தில் ஆயுள் முழுதும் குழாய் வரைபடம் போட்டவனுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் போதும் போலிருக்கிறது. ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரிதானா என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்த சந்தேகம்: வரிசையில் நடுவிலிருக்கும் ஒரு நோடை நீக்கினால் மற்றவை அறுந்துபோகுமா? பயந்துகொண்டு எதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதுவரை போட்ட நோடுகளின் படத்தையும், தெருவின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லை.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 15

அப்பா,

அறுந்துபோகாது. நடுவுல இருக்கிறத எடுத்தா ரெண்டு பக்கத்தையும் அதுவே சேத்துவிட்டுடும். தைரியமா அழிச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டுவந்துடலாம்.

நீங்க நோடு போட்டிருக்கிறத ஸ்டூடியோவுல எல்லாருக்கும் காட்டினேன். ஒரு கோடுகூட இன்னொண்ண வெட்டல. எங்க ஆளுங்க போடுறதெல்லாம் சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கும். "யாரு போட்டது, இவரை வேலைக்கு வரச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர் கேட்டார். எங்கப்பான்னு சொன்னேன்.

ஒண்ணு கேக்கணும். வீடியோ முழுக்க ஆடுது. உங்க கை ஏன் நடுங்குது? எப்போலேர்ந்து இப்படி? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? அடுத்த மாசம் லீவு கேட்டா கெடைக்கும். நான் வரட்டுமா?

சின்னவன்

பிப்ரவரி 19

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ சொன்னபடி ஒரு நோடை நீக்கிப் பார்த்தேன். இரு பக்கமும் தானே சேர்ந்துகொண்டது வியப்பாக இருந்தது. உன் சக ஊழியர் சொன்னதையும் படித்தேன். தகுதிக்கு மீறிய பாராட்டு. அவருக்கு என் வணக்கம்.

வீடியோ ஆடுவதைக் குறிப்பிட்டிருந்தாய். அது குறைதான். மென்பொருளின் கையேட்டில் தேடியதில் ஆட்டத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு நோடு இருப்பது தெரிந்தது. டிராக்கர் என்கிறார்கள். விளக்குக் கம்பத்தின் உச்சியைப் புள்ளியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், படம் முழுவதையும் அது அசையாமல் நிறுத்திவிடுகிறது. யாரையும் கேட்காமல் நானே செய்தேன் என்பதில் சிறு திருப்தி. புதிய வீடியோவை இணைத்திருக்கிறேன். இப்போது துளியும் ஆடவில்லை.

ஆகவே நீ கவலைப்பட வேண்டாம். லீவைப் போட்டு அலைய வேண்டியதும் இல்லை. வேலைதான் முக்கியம். வீடியோவைப் பார்த்து உன் கருத்தை எழுது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 11

அப்பா,

பாத்தேன். சுத்தமா ஆடல. எங்ககிட்ட ரெண்டு வருஷம் இருக்கிறவங்ககூட இவ்வளவு சுத்தமா செய்யமாட்டாங்க.

நான் கேட்டது வீடியோவப் பத்தி இல்ல.

அம்மா இருந்தவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் பேச்செல்லாம் அவங்க வழியாத்தான். அம்மா போனப்ப நாள் முழுக்க உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சாயங்காலம் நீங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு." கெளம்பிட்டேன். இப்போ இந்த நோடு கடிதமெல்லாம் வரவும், ஏதோ சொல்ல வர்றீங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். நெனச்சது என் தப்பு.

இனிமே என்கிட்ட கேக்க உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லாவே கத்துக்கிட்டீங்க. அப்படியே சந்தேகம் வந்தாலும், இங்க புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற மேடம் இருக்காங்க. அவங்க முகவரி கீழ இருக்கு. என்னைவிட நல்லாச் சொல்லுவாங்க.

உடம்பப் பாத்துக்கோங்க.

சின்னவன்

மார்ச் 16

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து, எழுதியது சரியாக வராமல் அழித்துவிட்டேன்.

அன்று கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் நீ சிரமப்படுவாயே என்று நினைத்தேன்.

ஒரு சிறு சந்தேகம். விளக்கின் ஒளி பரவும் அகலத்தைக் குறைக்க எந்த எண்ணை மாற்ற வேண்டும்? நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும். கை நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவனுக்கு,

என் சென்ற கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். வேலை நெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன்.

அதே கேள்வியை நீ சொன்ன மேடத்துக்கு எழுதினேன். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. படம் போட்டு, அம்புக்குறி இட்டு, பொறுமையாக விளக்கியிருந்தார். "தயங்காம கேளுங்க சார்" என்றும் எழுதியிருந்தார். நல்ல பெண்மணி. அவர் காட்டிய இடத்தில்தான் அந்த எண் இருந்தது. இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு நன்றி எழுதும்போது உன்னைப் பற்றி ஒரு வரி கேட்கலாமா என்று யோசித்தேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருட்டறையிலேயே உட்கார்ந்து கண் வலிக்கிறதா என்று. தொழில் கடிதத்தில் அதைச் சேர்ப்பது முறையல்ல என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று அக்கா வந்தாள். அப்படி என்னதான் கற்றீர்கள், காட்டுங்கள் என்றாள். காட்டினேன். வெயில் போய்த் தெரு அந்தியாகி விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, "நெஜமா எரியுற மாதிரியே இருக்குப்பா" என்றாள். இதைத் தம்பி பார்த்தானா என்று கேட்டாள். பார்த்தான் என்றேன். என்ன சொன்னான் என்றாள். நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று சொன்னான் என்றேன். அவள் எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

உனக்கு எழுத ஒரு சந்தேகம் கிடைக்குமா என்று இன்று காலையிலிருந்து கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் புரிகிறது.

அன்புடன்,
அப்பா