தேவகியின் உள்ளங்கை

1948 ஜூலை 30
ஆடிக் கிருத்திகை. மலைமேல் என் மனைவி தேவகிக்கு மறுபடியும் வந்துவிட்டது. கண் நிலைகுத்தி, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, காவடிக் கூட்டத்தின் நடுவே நின்றாள். "சாமி வந்திருக்கு" என்று அவள் தம்பி துளசிங்கம் அவள் உள்ளங்கையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினான். உண்மையான சாமி என்றால் சுடாதாம். அக்காள் புருஷனான என் பக்கம் திரும்பினான்: "பாத்தியா பாவா, கையை இழுக்கவே இல்ல. இப்பனாச்சும் சாமின்னு ஒத்துக்கோ."
பி.ஏ. படித்த நான் காவடிகளுக்கிடையே சிக்கி நின்றேன்.

ஜூலை 31
கை கொப்பளித்துவிட்டது. துளசிங்கத்தைக் காணோம்.

ஆகஸ்ட் 2
எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் வந்தார். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். வந்தது என்னைப் பார்க்க இல்லை. தன் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று தேவகியிடம் கேட்டு, கட்டுப்போட்ட அந்தக் கையால் திருநீறு வாங்கிப் போனார். பௌதிகம் நடத்துகிற மனுஷன்!

ஆகஸ்ட் 9
சென்னை. வைத்தியர் இது வலிப்பில் ஒரு வகை என்றார். நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் மூளையில் மின்சாரம் தாறுமாறாக ஓடுகிறதாம். அதைக் கோடாக வரைகிற கருவி சீமையில் இருக்கிறதாம்.
"அப்ப நான் பாக்குற முருகன்?" என்றாள் தேவகி.
"அதை அந்தக் கருவி வரையாதும்மா."
கோழை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மாத்திரையாவது கொடுத்தாரே.

அக்டோபர் 12
வலிப்பு அடியோடு நின்றுவிட்டது. துளசிங்கத்திடம் சொன்னேன். "சாமியையே மாத்திரை போட்டுத் தொரத்திட்ட. பெரிய ஆளுதான் பாவா நீ."
ஜெயித்தது நான்தான். வீட்டில் ஏன் பேச்சே இல்லை?

நவம்பர் 20
இன்று கேட்டேவிட்டேன். தேவகி சொன்னாள்: "நீங்க தெனம் கோவத்தோட வருவீங்க. முருகரு சிரிச்சிகினு வருவாரு. இப்ப நீங்க மட்டும்தான் வர்றீங்க."
கத்தினேன். எல்லாம் மூளைடி, வெறும் மூளை —
"சரிங்க, மூளைலதான் வந்தாரு. வேற எங்க வருவாரு?"
என் கோபம் அவள் மேலா, பதில் வராத என் மேலா?

டிசம்பர் 3
மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒளிவுமறைவு இல்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான். அடுப்பில் விழுந்து சாவாய் என்றேன். "விழுந்தா விழறேன்." எவ்வளவு திமிர்!

டிசம்பர் 9
துளசிங்கம் வந்தான். இனி அவள் கையில் கற்பூரம் வைத்தால் உன் தலையில் வைப்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.
இன்று முதல் சமையல் என்னுடையது. அடுப்பங்கரைப் பக்கம் அவளை விடுவதில்லை. குழம்பில் உப்பு தூக்கல் என்றாள். ஆனாலும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.