வெங்காய அறையில் வானொலி

ஞாயிறு, இரவு

இப்படித்தான் நடக்கும் என்று நான் எப்பவோ சொன்னனான். பாரிஸில் எங்கள் தமிழ்ச் சமூக வானொலியைக் கட்டடக்காரன் அறையை விட்டு எழும்பச் சொல்லிவிட்டான். ஒரு நகைக்கடை முதலாளி வேறு அறை தருவாராம். ஆனால் செய்தியை அவருக்குக் காட்டிவிட்டுத்தான் வாசிக்க வேணுமாம். நேயர்கள் கொடுப்பதில் ஓடுகிற வானொலிக்கு வந்த கதையைப் பார்!

அறிவிப்பாளர் மேரி இன்று நேரலையிலேயே வெடித்தார். "அவர் சொல்லுறதை வாசிக்க எங்களுக்கு ரேடியோ எதுக்கு? நேயர்களே ஒரு இடம் காட்டுங்கோ. இல்லாட்டி இந்தக் கிழமையோடை மூடுறம்."

சாப்பாட்டுக்கடைக் குசினியில் றொட்டி தட்டிக்கொண்டு நின்ற நான் மாக்கையோடேயே நேரலைக்குப் போன் அடித்தேன்.

"தங்கச்சி, எங்கட முதலாளி கடைக்குக் கீழை இருக்கிற வெங்காய அறையைச் சும்மா தாறாராம். ஒரு நிபந்தனையும் இல்லை!"

"அண்ணை, உண்மையோ?"

"ஓம் பிள்ளை! ஜனாதிபதி மாளிகையிலையும் அப்பிடியொரு அறை இல்லை."

பிறகு நேயர்களின் அழைப்பு ஓயவே இல்லை. புறநகர் ஸ்தேனில் இருந்து ஒரு தச்சர், சுவருக்குப் பலகை அடிக்க வருகிறாராம். இன்னொரு புறநகரான ஓல்னேயில் இருந்து ஒரு அம்மா வீட்டுக் கம்பளத்தைத் தருகிறாராம். அவருடைய மனுசனின் மரண அறிவித்தலைக் காசு வாங்காமல் வாசித்தது இந்த வானொலிதானாம். மேரி ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து நன்றி சொன்னார். பாரிஸ் முழுக்க இன்று என் குரல்தான்!

நாளைக் காலை எல்லோரும் கடைவாசலுக்கு வருகிறார்கள். விடியமுன்னம் போய் வெங்காய மூட்டைகளை நானே ஒதுக்கிவிடுவேன்.

எங்கட முதலாளியும் வானொலி கேட்டிருந்தால் நல்லது. அந்த அறையைப் பற்றி அவரிடம் நான் இன்னும் வாயே திறக்கவில்லை.