மாமாவின் இரட்டைக்குழல் துவக்கு

வவுணதீவு,
2.12.2024

அன்புள்ள தம்பி ஜெயந்தனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், யானைகள் உட்பட. போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மாமா காலமானபிறகு அவருடைய துவக்கு பொலிஸில் கிடக்கிறது. மாமனுடையது மருமகனுக்கு என்ற நம் வழக்கப்படி உனக்குத்தான் உரித்து. மாமாவின் சொந்த மகன் கனகசிங்கம் மச்சான் ஒரு சொல் பேசாமல் விட்டுக்கொடுத்தார். நீ சம்மதம் எழுதினால், உன் மருமகன், என் மகன் நிலோஜன் பெயருக்கு மாற்றலாம். யானையைச் சுட அல்ல. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பிள்ளை வெறுங்கையோடு வயல்வட்டைக் காவலுக்குப் போகிறான்.

அக்கா யசோதினி

லண்டன்,
19.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அது வெறும் துவக்கு இல்லை. வேட்டைக்கு வந்த ஆங்கிலேயப் பிரபு ஒருவர் நம் மாமாவின் மாமன் வல்லிபுரம் போடியாருக்குத் தன் கையால் கொடுத்தது. வெள்ளித் தகட்டில் அவருடைய குலச்சின்னமும் மானும் கொத்தியிருக்கிறதே, அதைக் காவல் குடிசைச் சேற்றிலா வைப்பது? என் மகனுக்காக இங்கே எடுப்பிக்கப் பார்க்கிறேன். நீங்கள் யானைவெடி கொளுத்துங்கள்.

தம்பி ஜெயந்தன்

வவுணதீவு,
3.1.2025

தம்பி,

யானைவெடிக்கு யானை பயந்த காலம் போய்விட்டது. வாங்கும்போது மருமகன் முறை, கொடுக்கும்போது மகன் முறையா? கனகசிங்கம் மச்சானும் ஒரு மகன்தானே! தகடுதான் வேண்டுமென்றால் கழற்றி அனுப்புகிறேன். கதிர் முற்றிவிட்டது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

லண்டன்,
12.1.2025

அன்புள்ள அக்கா,

தகட்டில் கை வைக்காதீர்கள், மதிப்பே போய்விடும்! சரி, சம்மதம் இத்துடன் இருக்கிறது. ஆனால் வெடி வைக்கக் கூடாது. எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள். நிலோஜன் கலியாணத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். தாய்மாமன் நான் இல்லாமலா?

தம்பி

வவுணதீவு,
2.2.2025

ஜெயந்தனுக்கு,

உன் சம்மதம் வந்தது. வெட்டுவதற்கு வட்டையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் யானை காவல் குடிசையைச் சரித்ததில் நிலோஜனுக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டது. கனகசிங்கம் மச்சான்தான் உழவு மெசினை ஓட்டிப்போய் யானைக்கும் அவனுக்கும் நடுவில் நிறுத்தினார். "எங்கட புள்ளதானே" என்றார், அவ்வளவுதான்.

கலியாணத்தை வைகாசிக்குத் தள்ளியிருக்கிறோம். தாய்மாமன் இடத்தில் அவர் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "உங்கட மச்சான் முறைக்காரர் எப்படி நிற்கிற?" என்று குருக்கள் கேட்டார். "முறையெல்லாம் லண்டனுக்குப் போயிட்டு ஐயா" என்றேன்.

சம்மதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். துவக்கு எடுக்க வந்தால் நேரே பொலிஸுக்குப் போ. இந்த வாசலுக்கு வரத் தேவையில்லை.

யசோதினி