கை ராசி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஸ்டுடியோவில் பயிற்சியின்போது பாட்டு நடுவழியில் நின்றது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது சரணத்தில் இருந்தார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது: ‘கன்ட்ரோலர் இணைப்பில் இல்லை.’ அவ்வளவுதான். சாஃப்ட்வேர் திகைத்து நின்றது, அவருடைய ஹெட்போனில் வாத்தியமெல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார்.

அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஒரே டேக்’. முழுப் பாட்டையும் ஒரே ஓட்டமாகப் பாடினால்தான் அவருக்குப் பாடியதாக அர்த்தம். துண்டு துண்டாகப் பாடி ஒட்டுவதெல்லாம் ஆகாது. அவரைப் பாதியில் நிறுத்துவது, பசியோடு சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டைப் பிடுங்குவது மாதிரி.

மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்தக் கன்ட்ரோலர் பலகையில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர், பொத்தான், குமிழ் எல்லாம் இருந்து என்ன? அது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசினால்தான் எனக்கு வேலை. கேபிளைப் பிடுங்கிச் செருகி, சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்கிறது. கள்ளி.

கொழுந்தன் உட்காரும்போது இது நடப்பதே இல்லை. “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்கு உங்க கை ராசி இல்ல” என்றான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்து வைத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4, புதன்

புதுக் கேபிள் போட்டேன். புதுக் கேபிளோடும் போயிற்று.

மார்ச் 5, வியாழன்

பலகைக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். வேறு துளையில் செருகிப் பார்த்தேன். சாஃப்ட்வேரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், அதனால் மற்ற அமைப்புகள் கலைந்து ஒரு மணி நேரம் தண்டம்.

காலை முழுவதும் கொழுந்தன் பெயின்ட் விளம்பரத்துக்கு மிக்ஸ் செய்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அறுபடவில்லை. மதியம் நான் உட்கார்ந்தேன். நேற்று பயிற்சிக்கு எடுத்த பாட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்டுடியோவுக்கு வேலை பிடித்து வருவது அவர்தான். “கொஞ்ச நாளைக்குத் தம்பியே உட்காரட்டுமே. சனிக்கிழமை மட்டுமாவது” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது.

இந்த சினிமாப் பாட்டுக்குப் பதினான்காம் தேதி சனிக்கிழமை அசல் பதிவு. இயக்குநர் அம்மா நேரில் வருகிறார். முதல் பாட்டு நன்றாக வந்தால் படம் முழுவதும் இங்கேதான் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாகப் பெயின்டும் பல்பொடியும் பிறந்தநாள் வாழ்த்தும் பதிவு செய்த நாற்காலி அது. ஒரு படம் வரும்போது நான் எழுந்திருக்கணுமா? எதுக்கு எழுந்திருக்கணும்? என்ன தப்பு பண்ணேன்? பாழாப்போன பலகை எனக்குன்னு பார்த்துச் செத்தா, அதுக்கு நானா பொறுப்பு?

மார்ச் 7, சனி

ரிப்பேர்க்காரர் வந்தார். அவர் முன்னால் எல்லா ஃபேடரையும் ஏற்றி இறக்கினேன், எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். பதுமை மாதிரி சொன்னபடி கேட்டது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல் வலி நிற்குமே, அந்தக் கதை.

“மிஷின்ல ஒரு குறையும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் குறை யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று யாரும் இல்லாத நேரத்தில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு மோதிரம். பிறகு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு. உடம்பில் ஏதோ மின்சாரம் இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானக் காரணம் சொல்லிக்கொண்டேன். விஞ்ஞானமாவது! ராசியைத்தான் சோதித்தேன்.

செருப்போடும் செத்தது.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்! எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் கொழுந்தன் வேலை செய்யும்போது பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தவள், இன்று அவன் கையைப் பார்த்தேன். அப்பப்பா, அந்தக் கை! ஒரு நொடி சும்மா இல்லை. பாட்டு ஓடும்போதே ஒரு ஃபேடரை ஏற்றுகிறான், அதையே இறக்குகிறான். தேவையில்லாத குமிழைத் திருகுகிறான். ஒன்றும் கிடைக்காவிட்டால் காலியாக இருக்கும் பொத்தான்களில் தாளம் போடுகிறான். பார்க்கிற எனக்கே கை வலித்தது.

நான் அப்படி இல்லையே. பாட்டு ஆரம்பித்ததும் என் கை மடிக்கு வந்துவிடும். கை ஃபேடரில் இருந்தால் காது கையின் பின்னால் ஓடும், பாட்டின் பின்னால் ஓடாது. அதனால் கடைசி வரை தொடாமல் கேட்பேன், பிறகுதான் வேலை. அதிலும் ஒரே டேக் பாடினால் கேட்க வேண்டுமா? நீளமான பாட்டு, நடுவில் நிறுத்தமே இல்லை.

தொடாமல்... அங்கேதான் பொறி தட்டியது.

அவன் டீ குடிக்கப் போனதும் உட்கார்ந்தேன். பாட்டு இல்லை, பாடகி இல்லை, ஒன்றுமில்லை. மடியில் கை. சும்மா இருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. பெட்டி வந்தது! வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டியைப் பார்த்துக் கை தட்டினேன்.

அடுத்து அதே பாட்டை ஓட்டி, அவ்வப்போது ஒரு வெற்று ஃபேடரை விரலால் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். முழுசாக ஓடி முடிந்தது. பலகை விழித்தபடியே இருந்தது.

தூங்கியிருக்கிறது! வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கென்று ஒரு இடம். அங்கே, சும்மா இருக்கும் கருவியை அணைத்துவிடலாம் என்று ஒரு கட்டத்தில் டிக். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் அதைத் தூங்க வைக்கிறது. சாஃப்ட்வேர் ஆளைக் காணோமே என்று கூப்பாடு போடுகிறது. டிக்கை எடுத்தேன். பலகையைத் தொடாமல் சமையலறைக்குப் போய் உலை வைத்து, சோறு வடித்து, கறிகாய் நறுக்கி, எல்லாம் முடித்து வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேடரை ஏற்றினேன், திரையிலும் ஏறியது.

நான் காது கொடுத்துக் கேட்டதால்தான் அது அறுந்தது. அவன் கேட்காததால்தான் ஓடியது. இதை யாரிடமாவது உடனே சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மார்ச் 11, புதன்

சொன்னேன். இரண்டு பேரும் நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. சரி, நிரூபித்துவிடுவோம் என்று பழைய டிக்கைத் திரும்பப் போட்டுக் கொழுந்தனை உட்கார வைத்தேன்.

“கையை மடியில வெச்சுக்கோ தம்பி. பாட்டு முடியற வரைக்கும் எதையும் தொடக் கூடாது.”

“இது ஒரு வேலையா அண்ணி?”

பல்லவி முடிவதற்குள் வலது கை கிளம்பிவிட்டது. அதட்டினேன். இடது கை போனது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை அவனுக்கே ரோஷம் வந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். தேர்வு எழுதும் பிள்ளை மாதிரி முகம். முழங்கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சரணத்தில் பெட்டி வந்தது. அவன் உட்கார்ந்திருக்கும்போது! அந்த ராசியான கைக்கு!

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கதவே அதிர்ந்தது. கொழுந்தனும் சிரித்தான், காது சிவந்துபோய். பிறகு சும்மா இருக்காமல், “அண்ணி, அந்த வயலின் கடைசில சுருதி இறங்குதே, நான் கவனிச்சதே இல்ல” என்றான். எத்தனை தடவை ஓட்டியிருப்பான் அந்தப் பாட்டை!

டிக்கை எடுத்துவிட்டேன்.

இவர் மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது இழுத்தார். “இருந்தாலும் சனிக்கிழமை ஒரு நாள்...” முடிக்க விடவில்லை. “நான்தான் உட்காருவேன்” என்றேன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சமாதானம் பேசியிருப்பார். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மார்ச் 13, வெள்ளி

இருபது தடவை சோதித்தாகிவிட்டது. ஆனாலும் இருபத்தொன்றாவது தடவை ஓட்டிப் பார்த்தேன். அறுந்தால், ராசி என்று யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேன்.

மார்ச் 14, சனி

இயக்குநர் என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இவரும் கொழுந்தனும் சுவரோடு சுவராக நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே டேக், கண்ணை மூடிவிட்டார். ஆரம்பித்தேன். கை மடிக்குப் போயிற்று.

பல்லவி. முதல் சரணம். பலகையின் விளக்கைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன், எரிகிறது. இயக்குநர் குனிந்து, “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமா?” என்று கிசுகிசுத்தார். “கேட்டுட்டு இருக்கேன்மா” என்றேன். எனக்கே என் பதில் பிடித்திருந்தது.

இரண்டாவது சரணம். எப்போதும் அறுபடும் இடம் வந்தது, போனது. அதற்குப் பிறகு விளக்கை மறந்துவிட்டேன். குரல் மட்டும்தான் இருந்தது.

கடைசி வரிக்கு முன்னால் அவர் மூச்சு எடுத்த விதம் வேறாக இருந்தது. பயிற்சியில் அந்த வரியை உரக்கப் பாடி முடிப்பார். இன்று கீழே கொண்டுபோகப் போகிறார் என்று அந்த மூச்சிலேயே தெரிந்துவிட்டது. மடியிலிருந்து கையை எடுத்து, அவருடைய ஹெட்போனுக்குப் போகும் வாத்தியங்களின் ஃபேடரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இறங்கியது! என் விரலோடு, நூல் பிசகாமல் இறங்கியது. அவருக்கு அவர் குரல் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். புருவம் தளர்ந்தது. கிட்டத்தட்ட பேச்சாகவே அந்த வரியைப் பாடி, குரலைத் தேயவிட்டு முடித்தார்.

இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாதுகாப்புக்கு இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?” என்றார்.

ஒரே டேக் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். “எதுக்கு?”

பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “கடைசில நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்றார்.

ஜெயித்தேன். வேறு வார்த்தை தேட வேண்டாம். ஜெயித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இயக்குநர் போன் செய்தார். இவர்தான் எடுத்தார். மீதிப் பாட்டுகளைப் பற்றியும் பின்னணி இசையைப் பற்றியும் நிறைய நேரம் பேசினார்கள். யார் உட்காரப்போவது என்று அந்தப் பக்கமிருந்து கேள்வியே வரவில்லையாம். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எந்தத் தேதி சௌகரியம்னு கேக்கறாங்க.”