கொழுப்போடு வழித்தெறிந்த நரம்புகள் குறித்து வெள்ளருவிக் கோனுக்கு விடுத்த ஓலை

முத்துறைக் காவலி, நீலவாய்ப் பேரரசி கோப்பெருங்கண்ணியார் திருவடி தாங்கும் மருத்துவ அமைச்சர் எயினங்கொற்றி, மேலைமலை வெள்ளருவி நாட்டுக் கோன் விடங்கர்க்கு விடுக்கும் ஓலை. உம் அருவிகள் வற்றாதிருக்க. உம் குடிகள் நலம் பெறுக. உம் அவைக்கு இனியேனும் அறிவு உண்டாகுக.

படை புறப்படும் நாளில் உம் படைத்தலைவன் நெடுங்கீரன் விலாவைப் பிடித்துக்கொண்டு குதிரையிலிருந்து விழுந்தான் என்றும், அது கோழையின் நடிப்பென்று அவை மருத்துவர் பூதங்கண்ணர் உரைத்தார் என்றும், ஆதலால் வரும் முழுநிலா நாளில் அவனை யானைக்காலில் இடப்போவதாகவும் எழுதி, எம் பேரரசியாரின் இசைவு கேட்டிருந்தீர். விலாவுக்குப் பின்னே இருக்கும் சிறுநீரகத்துக்கு நரம்பே கிடையாது, நரம்பில்லா உறுப்பு நோகாது என்பது அப்பண்டிதர் காட்டிய சான்றாம். கேட்டு எம் அவையோர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராண்டு எம் எல்லையையும் சேர்த்துக் காத்தவன் உயிர் அதில் தொங்குகிறது.

பண்டிதர் நரம்பைக் காணாத கதையை உம் தூதர் வாயாலேயே அறிந்தோம். கொழுப்பு மன்னர் கண்ணில் படலாகாது என்பது உம் குலவழக்கமாம். ஆகவே பிணத்திலிருந்து எடுத்த சிறுநீரகத்தை வெந்நீரில் முக்கி, சுற்றியிருந்த கொழுப்பையும் சவ்வையும் சிப்பியால் சுரண்டி, தமனியை வழவழவென்று வழித்து, மஞ்சள் பூசி வெள்ளித்தட்டில் வைத்தாராம். வைத்துவிட்டு, நரம்பு எங்கே என்று வாய் கூசாமல் கேட்டாராம். அவர் சுரண்டித் தொட்டியில் போட்டதுதான் நரம்பு. அந்தத் தொட்டியைக் கழுவியவளுக்கு உம் பண்டிதரைவிட நரம்போடு பழக்கம் அதிகம்.

அவருக்குப் புரியும்படி சொல்கிறோம். மெதுவாகப் படித்துக் காட்டுக. முதுகந்தண்டில், மார்பின் கடைசிக் கணுக்களிலும் இடுப்பின் முதற்கணுவிலும் புறப்படும் இழைகள், பெருந்தமனியின் அருகே முடிச்சுகளாகக் கூடி, சிறுநீரகத் தமனியைக் கொடிபோல் பற்றிப் படர்ந்தே உள்ளே நுழைகின்றன. வீரன் குருதி இழந்து கிடக்கையில் உள்ளிருக்கும் குழாய்களைச் சுருக்கி, உப்பும் நீரும் வீணே வெளியேறாமல் பிடித்து வைப்பவை அவையே. வேறு சில இழைகள் எதிர்வழியே வலியை முதுகந்தண்டுக்குச் சுமக்கின்றன. விலாவின் தோலிலிருந்தும் தொடையிடுக்கிலிருந்தும் வரும் நரம்புகள் அங்கேயே வந்து சேர்வதால், சிறுநீர்வழியில் கல் அடைத்தவனுக்கு விலாவில் தொடங்கிய வலி கீழே இறங்கும். விசாரணையில் நெடுங்கீரன் சொன்னதும் அதுவேயன்றோ. ஏடு தொடாத அவன் சொன்னது சரி. ஏட்டுக்கட்டைத் தலையணையாக வைத்திருப்பவர் சொன்னது பிழை. உம் பண்டிதரை மருத்துவர் என்றெழுத எமக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி உம் ஓலையின் கடைசி வரிக்கு வருவோம். மூன்று நாளாக இடவிலாவில் எழுந்து தொடையிடுக்குக்கு இறங்கும் வலியால் நீர் துடிப்பதாகவும், எம் மருந்தை விரைந்து அனுப்புமாறும் வேண்டியிருக்கிறீர். எழுதும்போது முதல் வரி நினைவில் இல்லை போலும்.

மருந்து இவ்வோலை கொணரும் தூதர் கையிலேயே இருக்கிறது. நெடுங்கீரன் சிறைவாயில் கடந்து, எம் தூதர் குதிரையருகே வந்து நின்ற பிறகே அது உம்மிடம் தரப்படும். இது பேரரசியார் ஆணை. நண்டு இலச்சினை பொறித்து விடுத்தோம். அதுவரை வலி பொறுக்கவில்லையென்றால் பூதங்கண்ணரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும். உமக்கு வலிக்கவில்லை என்று அவர் சொல்வார்.