மெஸ் குரூப்பில் வெடித்த துப்பாக்கி

என் பிரியத்துக்குரிய வேலுச்சாமி அண்ணே,

நான் அப்பவே சொன்னேன். சொன்னேனா இல்லையா? ஷார்ஜா ரோலாவில் நம்ம ரூமுக்கென்று நீங்க வாட்ஸப்பில் மெஸ் குரூப் ஆரம்பித்த அன்றைக்கே, "அண்ணே, இது சாம்பாரில் ஆரம்பிச்சு சம்பந்தத்துல போய் நிக்கும், பாருங்க" என்றேன். நீங்க சிரிச்சீங்க. அமெரிக்காவில் துப்பாக்கிக்குக் கடுமையான சட்டம் வேணுமா வேண்டாமான்னு ஷார்ஜாவில் நம்ம ஆளுங்க அடிச்சுக்குவாங்க, அதுல உங்க பேத்தியோட காது குத்து நின்னுபோற நிலைமை வரும் என்பது வரைக்கும் எனக்கு அன்றைக்கே தெரியும். விவரமாச் சொல்ல நேரம் வாய்க்கலை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் படிச்சவன்தானேன்னு நினைக்கிறாங்க. நான் எட்டாவதை ரெண்டு வருஷம் படிச்சவன். அது யாருக்குத் தெரியும்?

உங்களை விமானத்தில் ஊருக்கு அனுப்பிவைத்து வருஷம் திரும்பப் போகிறது. உங்க கட்டிலில் இப்போது ஒரு தென்காசிக்காரர் படுக்கிறார். நல்ல மனுஷன், ரசம்தான் வரவில்லை. குரூப்புக்கு அட்மின் யார் என்று கேள்வி வந்தபோது எல்லாரும் என் காலைப் பிடிக்காத குறை. சரி, நாட்டுக்கு ஒரு தலைவர் வேணுமேன்னு ஏத்துக்கிட்டேன்.

உங்க மகன் சரவணனை நாங்க குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. "அப்பா இருந்த இடம், நானும் இருந்துட்டுப் போறேன் சித்தப்பா" என்றான். இன்னைக்கு யார் சமையல், வெங்காயம் தீர்ந்துபோச்சு, கேஸ் சிலிண்டர் சொல்லணும். இதையெல்லாம் டெக்ஸஸில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படிப்பான். அது என்ன சொகமோ அவனுக்கு?

ஒருநாள் அவனே எழுதினான். பேத்தி யாழினி படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எவனோ துப்பாக்கியோடு சுற்றினானாம். உள்ளே கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மேசைக்கு அடியில் உட்காரவைத்து, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வீட்டிலும் மேசைக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்து விளையாடுகிறாளாம். "கண்டவன் கையில துப்பாக்கி கிடைக்கிற ஊர்ல எப்படிப் பிள்ளை வளர்க்கிறது? சட்டத்தை இறுக்கணும்" என்று முடித்திருந்தான்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?

இருக்கு என்றான் பாஸ்கர். உங்களுக்கு மேல்கட்டிலில் படுத்த அதே பாஸ்கர்தான். பையன் தங்கமான பையன் என்று அவன் தங்கச்சி கவிதாவை நீங்களே சரவணனுக்குக் கேட்டு, நம்ம ரூமிலேயே தட்டு மாத்தினோமே. அவன் இப்போது ஸ்டோர் கீப்பர். டூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிற நேரமெல்லாம் போனில் வீடியோ. உலகத்தில் எந்த நாட்டில் எந்தச் சட்டம் தப்பு என்று அவனிடம்தான் கேட்கணும்.

"சட்டத்தை இறுக்கினா நல்லவன் கையில இருக்கிறதுதான் போகும் மச்சான், திருடன் எங்க ஒப்படைக்கப் போறான்? ஒண்ணு வாங்கி வீட்ல வைங்க, என் மருமகளுக்கு அதான் பாதுகாப்பு" என்று எழுதினான். அதோடு விட்டானா? "உங்க தாத்தாவே வச்சிருந்தாருல்ல?" என்று ஒரு வால்.

உங்க அப்பாவோட ஒத்தக்குழல் துப்பாக்கியைத்தான் சொன்னான், கடலைக்காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாரே. நீங்க சொன்ன கதையை அவனும் கேட்டிருக்கான், மகனும் கேட்டிருக்கான். சரவணன் விடுவானா? "வச்சிருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை வேட்டியில சுத்தி, பஸ் ஏறிப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டும் வந்தார். அதுக்குப் பேருதான் சட்டம்." ஒரே துப்பாக்கி அண்ணே. அதை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தாங்க.

அப்புறம்தான் மற்றவர்கள் புகுந்தார்கள். துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவனெல்லாம் அதன் எடை பேசினான். ஒருத்தன் சரவணனை "டாலர் வந்ததும் புத்தி போச்சு" என்றான். ஒருத்தன் பாஸ்கரை "யாருக்குடா நீ கூலி?" என்றான். மறுத்துப் பேசினால் விலைபோனவன், பேசாமல் இருந்தால் பயந்தவன். யாழினி என்று ஒரு பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதை ஒருத்தனாவது மறுபடி கேட்டானா? இங்கே ரூமிலும் ரெண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். அடுப்பு ஒன்றுதான். ஒரு கோஷ்டி சாப்பிட்டு எழுந்தபிறகு அடுத்த கோஷ்டி தட்டு எடுத்தது. இந்தி பேசுகிற பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாய், யாராவது போயிட்டாங்களா?" என்று துக்கம் விசாரித்தார்.

கடைசியில் பாஸ்கர் எழுதினான்: "பிள்ளையைக் காப்பாத்தத் துப்பில்லாத அப்பன்தான் சட்டத்தைக் கூப்பிடுவான்."

இங்கேதான் அட்மின் தலையிட வேண்டியதாயிற்று. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். குரூப்பில் என்ன வந்தாலும் ஒரு கட்டைவிரல் போடுவேன். வெங்காயத்துக்கும் விரல், இரங்கலுக்கும் விரல். படிச்சாச்சுன்னு அர்த்தம், டூட்டியில் கையெழுத்துப் போடுற மாதிரி. அன்றைக்கு விடுபட்டதையெல்லாம் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விரல் போட்டுக்கொண்டே வந்தேன். பாஸ்கரோட அந்த வரிக்கும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சரவணன் எழுதினான்: "சித்தப்பாவும் ஆமான்னு சொல்லிட்டார். சந்தோஷம். என் மகள் அந்த மாமன் மடியில உட்கார மாட்டா." அடுத்த வரி, அவன் குரூப்பை விட்டுப் போனான் என்று போனே சொன்னது.

மடி என்றால் எந்த மடி என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? டெக்ஸஸிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் அவங்க இங்கே இறங்கி, யாழினிக்குக் காது குத்திவிட்டுப் போவதாகப் பேச்சு. பாஸ்கருக்கு லீவு இல்லை, விசா கொடுத்த கபீல் பாஸ்போர்ட்டைக் கையில் தரமாட்டான். தாய்மாமன் ஊருக்கு வர முடியாவிட்டால் காது மாமனைத் தேடி வரட்டும் என்று முடிவு பண்ணினதே நீங்கதானே? கம்மல்கூட நீங்க இருக்கும்போதே எடுத்தாச்சு.

கவிதா போனில் அழுதாள். "ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். எனக்குன்னு ஒரு கருத்து இருக்கான்னு ரெண்டு பேரும் கேக்கலை மாமா" என்றாள். பாஸ்கரோ, "வரச் சொல்லாதீங்க, நானா கூப்பிட்டேன்?" என்று புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க துபாய் சத்வாவில் தையல்காரரிடம் போய்விட்டு வந்தான். வேண்டாதவன் எதுக்குச் சட்டை தைக்கிறான்?

என்னால் உட்கார முடியவில்லை. ரோலா பூங்கா வரைக்கும் நடப்பேன், திரும்புவேன். போனை எடுப்பேன், வைப்பேன். அல் ஐனில் அரபி வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது ரெண்டு குடும்பத்துச் சண்டையை ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்து, அவர்கள் எனக்கு ஒட்டகம் கொடுக்க வந்து நான் வேண்டாமென்றேனே, அந்தக் கருப்பையாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எத்தனை தடவை விரலுக்கு விளக்கம் சொல்லியும் சரவணன் இறங்கி வரவில்லை.

கடைசியாக உங்க பேரை எடுத்தேன். "டேய், உங்கப்பா கடைசி நாள்ல என்கிட்ட ஒண்ணு சொன்னார்டா. யாழினிக்குக் காது குத்துறப்ப பாஸ்கர் மடிதான். அவன் வாயோட சண்டை போடு, மடியோட சண்டை போடாதேன்னு சரவணன்கிட்ட சொல்லு கருப்பையான்னார்" என்றேன். லைன் போச்சோ என்று பார்த்தேன். "அப்பாவா சொன்னார்?" என்றான். பிறகு, "வர்றோம் சித்தப்பா" என்றான்.

வந்தார்கள். ரோலாவில் நகைக்கடை மாடியில் நாற்காலி போட்டு, பாஸ்கர் அந்தப் புதுச் சட்டையோடு சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தான். மச்சானும் மச்சானும் "பிளைட் லேட்டா?" "ம்" என்பதோடு சரி. கடைக்காரப் பையன் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கன்லயே அடிச்சிரலாம் சார், ஒரு செகண்டு" என்றான். காது குத்துகிற துப்பாக்கி அண்ணே! சரவணன் முகம் கறுத்து, "அது வேண்டாம். பத்தர் கையாலயே குத்தட்டும்" என்றான். பாஸ்கருக்கு வாய் நிற்குமா? "ஏன் மச்சான், இதுக்கும் லைசென்ஸ் கேட்பீங்களா?"

போச்சுடா என்று நினைத்தேன். கவிதா அண்ணனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அவளே பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

பத்தர் கம்பியை எடுத்ததும் யாழினி மாமன் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு, இருந்தாலும் கவிதாவும் சொன்னாள். "நான் சத்தம் போடாம இருக்கணுமா?" என்று கேட்டாளாம்.

பாஸ்கருக்கு உதடு ஒரு பக்கமாக இழுத்தது. "இல்லடா தங்கம். கத்து. நல்லாக் கத்து. ரோலா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கட்டும்" என்றான். கத்தினாள் பாருங்க, கீழே நகை பார்த்துக்கொண்டிருந்த பொம்பளைகள் மேலே ஓடி வந்தார்கள். சரவணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ரெண்டாவது காதும் முடிகிறவரைக்கும் பாஸ்கர் அவளைவிடப் பெரிதாகக் கத்தினான்.

கருத்து ஒன்றும் மாறவில்லை அண்ணே. விமான நிலையத்துக்குப் போகிற காரில், "இப்பவும் சொல்றேன் மச்சான்" என்று பாஸ்கர் தொடங்க, "தொடங்காதீங்க" என்று இவன் சொல்ல, நடுவில் பிள்ளை தூங்கிவிட்டாள். ரெண்டு பேரும் குரலைத் தாழ்த்தி, கிசுகிசுவென்று துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். அது சமாதானமா, ஓய்வா? எனக்கு இன்னும் தெரியவில்லை. சரவணன் குரூப்புக்குத் திரும்பவும் இல்லை.

ஆனால் நான் உட்கார முடியாமல் திரிவது அதற்காக இல்லை. இறங்கும்போது சரவணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சித்தப்பா, அப்பா அதை எப்பச் சொன்னார்? எங்க உட்கார்ந்து? அப்படியே அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க. எனக்கு அவர் கடைசியாப் பேசினதுன்னு வேற ஒண்ணும் இல்லை" என்றான். பெட்டி தூக்குகிறவன் குறுக்கே வந்தான், தப்பித்தேன். நேற்று போனில் மறுபடி கேட்டான். அந்த வரியை யாழினிக்கும் மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறானாம். "எங்க தாத்தா சொன்னது" என்று மழலையில் சொல்லிக்காட்டினாள். நான் எதற்கும் நாலு வரி சேர்ப்பவன். அதற்கு ஒரு வரி சேர்க்க நாக்கு எழவில்லை.

இதை உங்க வருஷ நினைவுக்காக இங்கே நம்ம தமிழ்ச் சங்கத்துப் பெரிய குரூப்பில்தான் போடுகிறேன். சரவணன் இதில் இல்லை. ஆனால் நம்ம ஆட்களைத் தெரியாதா? போட்டோ பிடித்து டெக்ஸஸுக்கு அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அதற்கு முன்னால் நானே அவனைக் கூப்பிட்டுவிடுகிறேன் அண்ணே. சத்தியம். என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி பாஸ்கரோடு பேசமாட்டேன் என்றானானால், அதற்கும் அவன் முன்னால் போய் நிற்கிறேன்.

மடி பற்றி நீங்க ஒன்றும் சொல்லவில்லை. அது நான் கட்டினது. படுத்தவர் எழுந்திரிக்காமலே போன அந்த வெள்ளிக்கிழமை, துண்டைத் தலைமாட்டில் போட்டுப் படுக்கும்போது நீங்க சொன்னது ஒன்றே ஒன்று: "கருப்பையா, சரவணன் போன் பண்ணுவான். அடிச்சா என்னை எழுப்பு." அதில் ஜோடிக்க ஒன்றுமில்லாததால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதை மட்டும் அவனிடம் சொல்கிறேன்.

உங்க கூடப் பிறக்காத தம்பி,
உங்க பிள்ளைக்குச் சித்தப்பா,
கருப்பையா, ரோலா